வேப்பமரத்துக்கும் கல்லுக்கும் நடுவே

எலி என் காலுக்குப் பக்கத்தில்தான் விழுந்தது. விட்டத்திலிருந்து பொத்தென்று விழுந்து, தலை கிறுகிறுத்தாற்போல் ஒரு சுற்றுச் சுற்றி, வாயைப் பிளந்துகொண்டு செத்தது. என் காலில் பட்டதா, படவில்லையா என்று எனக்குத் தெரியாது. இடுப்புக்குக் கீழே எனக்கு எதுவுமே தெரியாது. எலி ஏறி ஓடினாலும் தெரியாது, தணல் விழுந்தாலும் தெரியாது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

நான் கத்தவில்லை. கத்தினால் மலையம்மாள் ஓடிவந்து வெறுங்கையால் எடுத்து எறிவாள். அவள் புத்தி அப்படி.

"ஏ மலை, அங்கனயே நில்லு. எலி விழுந்திருச்சு" என்றேன்.

வாசலிலேயே நின்றுகொண்டாள். "நம்ம வீட்டுலயுமாக்கா?" என்றாள்.

"நம்ம வீடு என்ன சமீன் அரமனையா? ஊரு பூரா விழுந்தது இங்கன மட்டும் விழுகாதா?"

பேச்சுதான் அப்படி வந்தது. விட்டத்தில் இன்னும் எத்தனை இருக்கிறதோ என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் பிளேக் கம்பம் பக்கமிருந்து ஊர் ஊராக இறங்கி வந்தது. ஓடைப்பட்டிக்கு மேற்கே காட்டுக்குள் கிடந்த எங்கள் சின்ன ஊரையும் அது விடவில்லை. முதலில் எலி சாகும். அப்புறம் ஆளுக்குக் காய்ச்சல் வரும், தொடையிடுக்கில் நெறி கட்டும், பேச்சுக் குழறும், முடிந்தது. தாலுகாவிலிருந்து வந்த ஆள், ஊரைக் காலி செய்து காட்டில் கொட்டாய் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டு ஓட்டைப் பிரித்து உள்ளே வெயில் விழ விடுங்கள் என்று சொல்லிப் போனார். அது சரியான பேச்சு. யாரும் குறை சொல்ல முடியாது.

அதற்கு மேலே ஒரு சட்டம் போட்டவர் கருத்தக்கண்ணன். என் புருஷனுக்குச் சித்தப்பா மகன், ஊருக்குப் பெரியதனம். கொட்டாய்க்குள் நுழைகிற ஒவ்வொருவரும் அவர் கண்முன்னால் வேப்பமரத்திலிருந்து எல்லைக்கல் வரைக்கும் நடந்து காட்ட வேண்டும். நொண்டினால் உள்ளே இடமில்லை, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். தொடையிடுக்கில் நெறி கட்டினவன் காலை அகட்டி, இழுத்து இழுத்துத்தான் நடப்பான் என்பது அவர் கணக்கு. அவருடைய தம்பி அப்படித்தான் நொண்டிக்கொண்டு வந்தான். காலில் முள் என்றான். எல்லோரும் கேலி பண்ணிச் சிரித்தார்கள். இரண்டாம் நாள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து மனுஷருக்கு யார் நடையைப் பார்த்தாலும் சந்தேகம்.

இந்தச் சட்டத்தைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. நடந்து காட்டச் சொன்னால் நான் எதைக் காட்டுவது?

என் பெயர் ராமுத்தாய். இருபத்தாறு வயதில் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏலக்காய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கும்போது வழுக்கி விழுந்தேன். முதுகில் ஏதோ முறிந்தது. அதோடு கால் இரண்டும் என்னுடையவை அல்ல என்று ஆகிவிட்டன. இரண்டு வருஷம் தாங்கமாட்டாள் என்று சொன்ன வைத்தியருக்குக் கருமாதி முடிந்தே வருஷக்கணக்காகிறது. நான் இதோ ஐம்பதைத் தொடப் போகிறேன்.

மலையம்மாள் என் சக்களத்தி. நான் விழுந்த மறு வருஷம் என் புருஷன் மொக்கைச்சாமி கட்டிக்கொண்டு வந்தவள். வந்த புதிதில் நான் அவளைப் பேசாத பேச்சில்லை. அவளும் இளைத்தவளா, என் கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு பகல் முழுக்கத் திரும்பிப் பார்க்காமல் இருந்திருக்கிறாள். அப்புறம் புருஷன் செத்தான். பிள்ளை இருவருக்கும் தங்கவில்லை. சண்டை போடவும் ஆள் வேண்டுமே, ஒருத்தியை ஒருத்தி விடாமல் பிடித்துக்கொண்டோம். நான் போடி டவுன் கடைக்காரருக்குப் புளியில் கொட்டை எடுத்துக் கொடுப்பேன். அவள் காட்டு வேலைக்குப் போவாள். எங்கள் இருவருக்கும் சேர்த்து நடக்கிற கால் இரண்டுதான். அதிலும் இப்போது அவளுக்கு முட்டி தேய்ந்துபோய் உட்கார்ந்தால் எழ முடியாது. எனக்கு, உட்கார்ந்து நகர்கிற சக்கரப் பலகையைத் தள்ளித் தள்ளித் தோள்பட்டை இரண்டும் போயிற்று.

சாவுக்குப் பயமில்லை என்று பெருமை பேச மாட்டேன். பயம்தான். அதைவிடப் பெரிய பயம், மலை எனக்கு முந்திப் போய்விடுவாளோ என்பது. அவள் போனால் என்னைப் புரட்டிப் போட யாரிருக்கிறார்கள்?

இத்தனை வருஷம் நான் செத்துப்போகாமல் இருந்தது சும்மா இல்லை. ஒருதரம் அடுப்போரம் உட்கார்ந்து குதிகால் வெந்து, நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து தினம் காலையில் வெயில் வந்ததும், வீரபாண்டித் திருவிழாவில் வாங்கிய சின்னக் கண்ணாடியைப் பிடித்துக் காலை விரல் விரலாகப் பார்ப்பேன். உட்காருகிற இடம் எனக்கு எட்டாது. அதை மலை பார்ப்பாள். என்னைக் கவிழ்த்துப் போட்டு, "ஒண்ணுமில்ல, எந்திரி மகாராணி" என்பாள். கடைசி நாலைந்து நாளாக அவள் கொட்டாய்க்குக் கம்பு நடவும் கீற்றுச் சுமக்கவும் ஓடிக்கொண்டிருந்ததில் அது விட்டுப்போயிற்று. நானும் கேட்கவில்லை.

எலியைக் குச்சியால் தள்ளி எரித்துவிட்டு, சட்டிபானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மலை கிளம்பினாள். "இத அங்கன எறக்கி வச்சுட்டு வெயிலு ஏறுமுன்ன வந்துருவேன். நீ மேலக் கழுவிக்கிட்டுத் தயாரா இரு" என்றாள்.

தெருவில் பக்கத்து வீடுகளெல்லாம் ஓட்டைப் பிரித்து மண்டையில்லாமல் நின்றன. ஆள் அரவம் இல்லை. ஒரு கோழிகூட இல்லை. தனியாக உட்கார்ந்து மேல் கழுவினேன். துணியை அலசி இடுப்புக்குக் கீழே துடைக்கும்போது இடது தொடையிடுக்கில் கையில் ஏதோ தட்டுப்பட்டது.

மறுபடி தொட்டேன். கட்டி. நெல்லிக்காய் அளவு இருந்தது. அமுக்கினேன். வலிக்கவில்லை, எனக்கு எப்படி வலிக்கும்? ஆனால் அமுக்கியதும் இரண்டு காலும் வெடுக்வெடுக்கென்று தானாக உதறின. முகம் முழுக்க வேர்த்துக் கொட்டியது. உடம்பின் கீழே ஏதாவது கோளாறு என்றால் எனக்கு அப்படித்தான் தெரியும். கால் உதறும், முகம் வேர்க்கும். அது எங்கே, என்ன என்று மட்டும் சொல்லாது.

ஆத்தா, கௌமாரி, என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

காலில் புண் இருந்தால் அரையில் நெறி கட்டும், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கண்ணாடியை எடுத்து விரலிடுக்கு, குதிகால், கணுக்கால், முட்டியின் பின்பக்கம் எல்லாம் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. சே, ஒரு எறும்புக் கடியாவது இருக்கக் கூடாதா? புண் வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டவள் நான் ஒருத்திதான் இருப்பேன். புண் இல்லையென்றால் அது பிளேக்தான்.

மலை வருவாள். வந்ததும் கையைக் கோத்து என்னைத் தூக்கிப் பலகையில் வைப்பாள். மூச்சு மூச்சில் படும். தரையில் கை ஊன்றி இழுத்துக்கொண்டே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வந்து கதவைத் தட்டினாள். "அக்கா, கதவத் தொற. வெயிலு ஏறுது."

"நீ போ."

"எங்கன போக?"

"கொட்டாய்க்குப் போ. நான் வரல."

"என்னா வெளையாட்டு இது? எம் முட்டி நோகுது, நின்னு பேச முடியல. தொறக்கா."

"எனக்கு நெறி கட்டிருச்சு புள்ள" என்றேன். "பிளேக்கு வந்திருச்சு. நீ கிட்ட வராத. ஓடிரு."

காதைக் கதவில் வைத்துக் கேட்டேன். அவள் காலடி விலகிப் போனது கேட்டது. போ என்று வாய் கிழியக் கத்தியவள் நான்தான். நிஜமாகவே போய்விட்டாள் என்று தெரிந்ததும் தாழ்ப்பாளில் கை வைத்தேன், எடுத்தேன். இந்த வெறும் ஊரில், இந்த இருட்டு வீட்டில், நாளைக்கு எனக்குத் தாகம் எடுத்தால் என்ன செய்வேன்? முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

திண்ணையில் ஏறினால் கைக்கு எட்டுகிற ஓட்டின் மேல் கரகரவென்று சத்தம் கேட்டது. எலிக் கூட்டம்தான் என்று நினைத்துச் சுவரோடு ஒண்டினேன். ஓடு ஒன்று நகர்ந்தது. இன்னொன்று நகர்ந்தது. வெயில் பளீரென்று வீட்டுக்குள் விழுந்தது. ஓட்டைத் தாங்கும் வரிச்சு ஒடிகிற சத்தத்தோடு மலையம்மாளின் தலை தெரிந்தது.

"எப்புடியும் ஓட்டப் பிரிக்கத்தான சொல்லியிருக்காக" என்றாள்.

"ஏ கிறுக்கச்சி, எறங்காத. சொன்னாக் கேளு."

"கேட்டதெல்லாம் போதும்" என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்துத் தொங்கி, பாதியில் கை விட்டுத் தொம்மென்று குதித்தாள். கீழே விழுந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். உடனே எழவில்லை. தவழ்ந்தே என்னிடம் வந்தாள்.

"தொடாத" என்றேன்.

"இத்தன வருசமாத் தொட்டவ இன்னிக்குப் புதுசாத் தொடப் போறேனா. புண்ணு பாத்தியா?"

"காலு பூராப் பாத்துட்டேன். ஒண்ணுமில்ல."

"உக்கார்ற எடத்த?"

எனக்குச் சுருக்கென்றது. பயத்தில் அது நினைவுக்கே வரவில்லை. "அத நீதான பாப்ப" என்றேன்.

"அப்பக் கவுந்து படு."

அவளே கவிழ்த்துப் போட்டாள். வெயில் முதுகில் சுட்டது. அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"அக்கா" என்றாள். "புளியங்கொட்டைக்கா."

நான் உட்காருகிற சாக்குத் துணி மடிப்பில் மாட்டிய ஒரு புளியங்கொட்டையின் மேலேயே நான் நாலைந்து நாளாக உட்கார்ந்திருக்கிறேன். அது சதைக்குள் அழுந்தி, சுற்றிக் கறுத்து, சீழ் வைத்திருந்ததாம். எடுத்து என் கண்முன்னால் காட்டினாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதாள்.

"இதுக்குத்தான் நெறி கட்டியிருக்கு" என்றாள்.

"வேற மாதிரி இருந்தா?"

"இருந்தா இருந்துட்டுப் போகுது. கெளம்பு."

புண்ணைக் கழுவி மஞ்சளைக் குழைத்து வைத்தாள். தண்ணிக் குடத்துக்கு வைக்கிற சும்மாட்டைப் பலகையில் போட்டு, புண் பலகையில் படாதபடி அதன் குழிவில் என்னை உட்கார வைத்தாள். பலகைக் கயிற்றைத் தோளில் மாட்டி இழுத்துக்கொண்டு நடந்தாள்.

தெரு தாண்டுமுன்பே நான் பார்த்துவிட்டேன். அவள் வலது கால் சரியாக ஊன்றவில்லை. காலை அகட்டி வைத்து இழுத்தாள்.

"மலை, நொண்டுற."

"நொண்டல."

"குதிச்சதுல பெரண்டுருச்சா?"

"பேசாம வா" என்றாள். அவள் பிடரியில் வேர்வை ஓடியது.

இப்போது எனக்கு என் கட்டி மறந்துபோயிற்று. அவள் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் என் உயிர் அந்த முட்டியில்தான் இருந்தது. ஓடையைத் தாண்டும்போது, "கொஞ்சம் நின்னு நீவிக்க" என்றேன். "நின்னா அப்புறம் மடங்காதுக்கா" என்றாள்.

மேட்டுக்காட்டில் கொட்டாய்கள் வரிசையாக நின்றன. அதற்கு இந்தப் பக்கம் எல்லைக்கல், கல்லுக்கு இந்தப் பக்கம் வேப்பமரம். கருத்தக்கண்ணன் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு கம்பை ஊன்றி நின்றார். அவருக்குப் பின்னால் ஊர்ச்சனம் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நடந்து காட்டு என்று என்னைச் சொல்லப் போகிறார், நெறி கட்டியிருக்கா என்று கேட்கப் போகிறார் என்று பலகையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "மதினி, நீங்க எப்பயும் போலத்தான இருக்கீக. ஒங்கள நான் எங்கன நடக்கச் சொல்ல? நீங்க உள்ள போங்க" என்றார். "மலை மட்டும் நடந்து வரட்டும்."

அவ்வளவுதான். இதற்கா நான் இத்தனை ராத்திரி விழித்துக் கிடந்தேன்? யாரோ கயிற்றைப் பிடித்து என் பலகையைக் கல்லுக்கு அந்தப் பக்கம் இழுத்து விட்டார்கள்.

மலை வேப்பமரத்தடிக்குப் போனாள். சேலையைச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். நல்ல நடை. ஒரு குறை சொல்ல முடியாது. முகத்தைப் பார்த்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. பாதி தூரம் வந்தாள். இன்னும் கொஞ்சம் வந்தாள். கல்லுக்குக் கிட்டே வந்தபோது முட்டி மடங்கிற்று. கையை ஊன்றி எழுந்து, காலை அகட்டி இழுத்தாள்.

கருத்தக்கண்ணன் கம்பைக் குறுக்கே நீட்டினார்.

"முட்டி வலிங்க. ஓட்டு மேலருந்து குதிச்சேன்" என்றாள் மலை.

"எந் தம்பியும் முள்ளுன்னுதான் சொன்னான்." அவர் குரல் உடைந்திருந்தது. அவருக்கும் பயம்தான். அதை நான் மறுக்கவில்லை. "நான் புள்ளகுட்டிகளப் பாக்கணும் மலை. நீ திரும்பிரு. நல்லாயிருந்தா ரெண்டு மூணு நாள் கழிச்சு வா."

மலை தலையை ஆட்டினாள். அப்புறம் அந்தச் சனத்தைப் பார்த்து, "அக்காவ யாராச்சும் வச்சுக்கிடுங்க" என்றாள். "அவுகளுக்குப் பாக்குற சோலி பெருசா ஒண்ணும் இல்ல. காலையில ஒருக்கக் கவுத்துப் போட்டுப் புண்ணப் பாக்கணும். சும்மாடு போட்டுத்தான் உக்கார வைக்கணும். சூடு தெரியாது, அடுப்புக்கிட்ட விட்றாதீக."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

எனக்கு எங்கிருந்து அந்த ஆத்திரம் வந்ததோ தெரியாது. "கொழுந்தனாரே" என்று கூப்பிட்டேன். "நெறி எனக்குக் கட்டியிருக்கு. அவளுக்கு இல்ல. ஏன் எந் தொடையத் தொட்டுப் பாக்கல? நான் நடக்கலைன்னா எனக்கு நோவும் வராதுன்னு நெனச்சீகளா? அவ முட்டி என்னையத் தூக்கித் தூக்கித் தேஞ்ச முட்டி. இன்னிக்கு நான் கதவப் பூட்டுனேன்னு ஓட்டப் பிரிச்சுக் குதிச்ச முட்டி. அது நொண்டுதுன்னு வெரட்டுறீக. நெறி கட்டுனவள உள்ள இழுத்து விட்டுருக்கீக. நல்லாருக்கு ஒங்க சோதன."

சனம் எழுந்து ஓடியது. என் பலகையை இழுத்த கையை ஒருத்தி மண்ணில் போட்டுத் தேய்த்தாள். ஒரு தாய் பிள்ளையை வாரிக்கொண்டு கொட்டாய்க்குள் புகுந்தாள். கருத்தக்கண்ணன் கம்பைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் போனார். அவர்கள் ஓடியதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. இனி கல்லுக்கு இந்தப் பக்கம் எனக்கு இடமில்லை.

பலகையைத் திருப்பிக்கொண்டு கையால் உந்தி வேப்பமரத்தை நோக்கிப் போனேன். தோள் பிய்ந்துவிடும் போலிருந்தது. மலை வழியில் நின்று என்னைத் திட்டினாள்.

"நீ எதுக்கு வாயத் தொறந்த? உள்ளயே இருந்திருக்கலாம்ல."

"உள்ள இருந்து யாரு மூஞ்சியப் பாக்க? கயித்தப் புடி."

"என்னால இழுக்க முடியாதுக்கா."

"இழுக்க வேணாம். நான் தள்ளிக்கிடுறேன். நீ சும்மா புடிச்சுக்கிட்டு வா. இப்ப நல்லா நொண்டு, எவன் பாக்கப் போறான்."

அவள் நொண்டினாள். ஓடைக்கரைப் புளியமரத்தடியில் பாயைக் கட்டி நிழல் செய்துகொண்டோம். மதியம் தாண்டி எல்லைக்கல்லின் மேல் கருத்தக்கண்ணன் ஒரு கலயம் கம்பங்கூழும் ஒரு குடம் தண்ணியும் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். மறுநாளும் வைத்தார். நான் அவரைத் திட்டுவதை நிறுத்தினேன்.

ஒவ்வொரு காலையும் வெயில் வந்ததும் மலை என்னைக் கவிழ்த்துப் போட்டுப் புண்ணைக் கழுவுவாள். அப்புறம் மல்லாத்திப் போட்டுத் தொடையிடுக்கை அமுக்கிப் பார்ப்பாள். நான் மரத்துக் கிளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அவள் கை எடுக்கும் வரைக்கும் மூச்சு விடமாட்டேன். கட்டி அப்படியே இருந்தது. அப்புறம் ஒரு காலையில், "அக்கா, சுருங்கியிருக்கு. மொச்சக்கொட்ட அளவுதான் இருக்கு" என்றாள். என் கையையும் வைத்துக் காட்டினாள். நிஜம்தான். எனக்குக் காய்ச்சல் வரவில்லை, நான் சாகப் போவதில்லை.

மலை சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் சேலையை முழங்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டு என் பக்கத்தில் மல்லாந்து படுத்தாள்.

"இப்ப என்னையப் பாரு" என்றாள்.

"ஒனக்கென்ன?"

"பாருன்னாப் பாரு. முட்டி வலி மேல ஏறுறாப்புல இருக்கு. ரெண்டு நாளாச் சொல்லல. எனக்குப் பயமாருக்குக்கா."

தினமும் என்னைப் புரட்டிப் போட்டுப் பார்த்தவளுக்கு, தன்னைப் பார்க்கச் சொல்ல நான் இல்லாமலா போனேன்? நான் முழங்கையை ஊன்றித் திரும்பி, முதலில் முட்டியைத் தொட்டேன். பந்து போல் வீங்கிச் சுட்டது. அங்கிருந்து மேலே விரல் விரலாக அமுக்கிக்கொண்டே போனேன். வலது இடுக்கில் ஒன்றுமில்லை. இடது இடுக்கில் ஒன்றுமில்லை. மறுபடி வலதைப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல. முட்டிதான்" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நாளைக்கும் பாப்பியா?"

"பாக்குறேன். பேசாமக் கெட" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வலது இடுக்கிலிருந்து கையை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது.